ஆலைப் புகை தெரிகிற பக்கம்

காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் புறப்படும் பாணனுக்கு, வழியில் என்ன ஊர் வரும், எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. மருத நிலம் வரும்போது புலவர் ஓர் இடத்தைக் காட்டுகிறார். கரும்பு நசுக்கும் எந்திரத்தின் சத்தம் அங்கே ஓயாமல் கேட்கும். சாற்றைக் காய்ச்சும் புகை ஆலையைச் சூழ்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஆலை எதைக் கண்டாலும் நின்று, ஆசை தீரக் கரும்புச்சாறு குடித்துவிட்டுப் போங்கள் என்கிறார். யாரைக் கேட்பது, என்ன கொடுப்பது என்ற பேச்சே இல்லை. ஆலை ஓடுகிறது, வழிப்போக்கன் வருகிறான், அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

இளந்திரையன் ஆண்ட தொண்டை நாட்டின் மேற்குப் பகுதிதான் இன்றைய வேலூர்ப் பாலாற்றுப் படுகை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று விர்ரென்று கடந்துவிடும் நிலம். மார்கழி பிறந்த பிறகு நெடுஞ்சாலையை விட்டு வடக்கே குடியாத்தம் பக்கமோ, தெற்கே ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கமோ திரும்பிப் பார்க்க வேண்டும். வயல் நடுவே கீற்றுக் கொட்டகைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருக்கும். காற்று சாதகமாக இருந்தால் புகை கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். வெல்லம் காய்ச்சும் ஆலைகள் அவை. பெயர்ப் பலகை கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. பொங்கலுக்கு முந்தைய சில வாரங்கள் இரவு பகலாக வேலை நடக்கும்.

இந்தப் பகுதிக்கு வெளியூர்க்காரர்கள் மனதில் இரண்டு அடையாளங்கள் உண்டு: தோல், பிரியாணி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. உலகின் பெரிய ஷூ கம்பெனிகளுக்கு இங்கிருந்து சரக்கு போகிறது. ஆனால் அந்த ஊர்களுக்குப் பின்னால், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் உத்திரகாவேரியையும், மோர்தானா அணையிலிருந்து வரும் கௌண்டன்ய ஆற்றையும் நம்பி ஒரு கரும்புக் காடு இருக்கிறது. அதன் வெல்லம் வேலூர் மண்டித் தெருவுக்கு வந்து, அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகிறது. பண்டிகைக்குப் பாயசம் வைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு அது எங்கே காய்ச்சியது என்பது தெரியாது.

ஆலைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது எந்திரம். ஒரு காலத்தில் மாடுகள் சுற்றிச் சுற்றி இழுத்த உருளைகளை இப்போது மோட்டாரோ டீசல் எஞ்சினோ சுழற்றுகிறது. வெட்டிய கரும்பை அன்றே, அதிகம் போனால் மறுநாளே ஆட்டிவிட வேண்டும். நாள் தள்ளினால் கரும்பிலுள்ள சர்க்கரை உடையத் தொடங்கிவிடும். அந்தச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். நல்ல கரும்பு 100 கிலோ ஆட்டினால் சுமார் 60 கிலோ சாறு கிடைக்கும். அதிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ வெல்லம் தேறும். கிராமத்தில் அந்தச் சாற்றைக் கரும்புப்பால் என்றுதான் சொல்வார்கள். வருகிறவர் கையில் முதலில் வைக்கப்படுவது ஒரு சொம்பு கரும்புப்பால். இஞ்சியும் எலுமிச்சையும் ஐஸும் சேர்த்துத் தெருவில் விற்கும் சாற்றுக்குப் பழகிய நாக்குக்கு, எதுவும் சேராத இந்தப் பாலின் தித்திப்பு கொஞ்சம் திகட்டும். இரண்டாவது வாய்க்குப் பிறகு சரியாகிவிடும்.

எந்திரத்திலிருந்து பால் அகலமான இரும்புக் கொப்பரைக்குப் போகிறது. அடியில் மண்ணைக் குடைந்து கட்டிய அடுப்பு. அடுப்பில் எரிவது கரும்புச் சக்கைதான். நேற்று ஆட்டிய கரும்பின் சக்கை வெளியே வெயிலில் காய்ந்து கிடக்கும். அதை அள்ளி அள்ளி ஒருவர் அடுப்பு வாயில் தள்ளிக்கொண்டே இருப்பார். விறகுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. ஆனால் சக்கை பற்றியதும் பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடும் என்பதால், அடுப்புக்காரருக்கு நிமிடம் ஓய்வு கிடையாது. தீ ஒரே சீராக நிற்க வேண்டும். சற்றுக் குறைந்தால் நேரம் இழுக்கும், கூடினால் அடிப்பிடிக்கும்.

பால் சூடேறியதும் தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்ப்பார்கள். கரும்புப்பால் இயல்பிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தணித்து, கலந்திருக்கும் அழுக்கைத் திரட்டி மேலே தள்ளும். சில இடங்களில் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை ஊற்றுவது பழைய வழக்கம். அந்தக் கொழகொழப்பு நுண்ணிய தூசியை எல்லாம் பிடித்துக்கொண்டு நுரையாகத் திரளும். நீளமான பிடி போட்ட சல்லடைக் கரண்டியால் அதை அள்ளி அள்ளி வெளியே எடுப்பதுதான் அடுத்த ஒரு மணி நேர வேலை. இந்த வேலையில் சோம்பல் பட்டால் வெல்லத்தில் மண் நறநறக்கும்.

அழுக்கெல்லாம் நீங்கிய பிறகு கொப்பரையின் குணமே மாறுகிறது. பச்சையாகத் தெரிந்த பால் பொன்னிறமாகி, பிறகு செம்மண் நிறத்துக்கு வரும். குமிழ்கள் சிறியதாக இருந்தவை பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். வெப்பம் 118 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பாகு பதம் வருகிறது என்று வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகள் சொல்கின்றன. கொட்டகையில் வெப்பமானி இருக்காது. பதம் பார்ப்பவர் ஒரு குச்சியால் பாகைத் தொட்டு, தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். கரையாமல் உருண்டு நின்று, கல்லில் போட்டால் டக்கென்று ஓசை வந்தால் இறக்கலாம். ஒரு கொப்பரை பதத்துக்கு வர ஏறத்தாழ இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். அத்தனை பேருடைய அத்தனை உழைப்பும் இந்த ஒருவரின் அரை நிமிடத் தீர்ப்பில் வந்து நிற்கிறது. ஆலையில் அதிக மரியாதைக்குரியவர் அவர்தான்.

இறக்கிய பாகை அகலமான தொட்டியில் கொட்டி, மரத் துடுப்பால் கிளறி ஆறவிடுகிறார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உருட்டியாக வேண்டும், விட்டால் பாறையாகிவிடும். உருண்டை வெல்லமும் மண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் இந்தச் சில நிமிடங்களில்தான் உருவாகின்றன.

வந்தவருக்கு விருந்து வைக்கும் நேரமும் இதுவே. தொட்டியின் ஓரத்தில் வழித்த சூடான பாகை ஒரு கரும்புத் தோகையிலோ கொட்டாங்கச்சியிலோ வைத்துத் தருவார்கள். கூடவே தேங்காய்ச் சில்லும் வறுத்த வேர்க்கடலையும். வேலூர் மாவட்டம் கடலை விளையும் மண் என்பதால் கடலைக்குப் பஞ்சமில்லை. சூட்டில் பாகு கடலையைச் சுற்றி இழுபட்டு, வாய்க்குள் போனதும் மொறுமொறுக்கும். கொதிக்கும் பாகில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துணியில் முடிந்து இறக்கி வேகவைத்துத் தின்பது ஆலை பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அறிந்த சுகம். கடையில் வாங்கும் வெல்லத்தில் இந்த மணம் பாதிகூட இருக்காது. ஆறும்போதே பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது.

இதே வேலையை உலகின் மறுகோடியில், பனிக்கு நடுவே செய்கிறார்கள் என்பது கனடாவில் குடியேறிய தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே கரும்பு இல்லை, மேப்பிள் மரம். இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் மாறி மாறி வரும் மார்ச், ஏப்ரல் வாரங்களில் மரத்தில் துளையிட்டால் நீர் சொட்டும். தண்ணீர் போலவே இருக்கும் அந்த மரநீரில் சர்க்கரை வெறும் 2 சதவீதம்தான். 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. கரும்புப்பாலோ அதைவிடச் சுமார் எட்டு மடங்கு இனிப்பு. அந்த நாட்டின் பழங்குடி மக்கள் கண்டுபிடித்த தொழிலை ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்டு, மரங்களுக்கு நடுவே சர்க்கரைக் கொட்டகைகள் கட்டினார்கள். உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது.

கவனிக்க வேண்டியது அவர்கள் அந்தக் கொட்டகையை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான். காய்ச்சுகிற பருவத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். நீள மேசைகளில் பட்டாணி சூப், வேகவைத்த மொச்சை, முட்டை, பன்றி இறைச்சி என்று ஒரு கனத்த சாப்பாடு; எல்லாவற்றின் மேலும் பாகு ஊற்றிக்கொள்ளலாம். சாப்பாடு முடிந்ததும் வெளியே சுத்தமான பனியின் மேல் கொதிக்கும் பாகை ஊற்ற, அது இறுகியதும் குச்சியில் சுருட்டித் தின்கிறார்கள். மாண்ட்ரீலிலும் டொரண்டோவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதலாகப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தது இப்படித்தான். அவர்களுடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியும் தமிழ்நாட்டில் கருப்பட்டியும் காய்ச்சிய அடுப்புகளை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் சிர்சி, சாகர் வட்டாரங்களில் ஆலெமனெ என்கிற வெல்லக் கொட்டகையை வைத்தே ஒரு திருவிழா நடத்துகிறார்கள். தை, மாசி மாதங்களில் ஊர் கூடும். வேண்டிய அளவு கரும்புப்பால், நுரை வெல்லம், காரப் பொரி, மிளகாய் பஜ்ஜி. கவிழ்த்த பானையின் முதுகில் கரும்புப்பால் கலந்த அரிசி மாவைத் தடவி, காகிதம் போல உரித்தெடுக்கும் தொடதேவு என்ற தின்பண்டத்தை எதிரிலேயே சுட்டுத் தருகிறார்கள். தித்திப்பும் காரமும் மாறி மாறி வருவதால் எவ்வளவு குடித்தாலும் அலுக்காது. ஒரு விவசாயக் கொட்டகை விருந்துக்கூடமாவதற்குக் கட்டடமோ முதலீடோ பெரிதாகத் தேவையில்லை என்பதற்குச் சிர்சி சாட்சி.

வேலூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு இப்படி ஆள் வரத்து தேவைப்படுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அது நிறம்.

சுண்ணாம்பு மட்டும் போட்டுக் காய்ச்சிய வெல்லம் பழுப்பாக, சில சமயம் கருஞ்சிவப்பாக இருக்கும். மண்டியில் அதற்கு மதிப்பில்லை. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்துக்குத்தான் நல்ல விலை. கடைக்காரர் கேட்பதும் அதைத்தான், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்கள் கேட்பது அதைத்தான். அதனால் பல இடங்களில் கொப்பரையில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோ சல்பைட் விழுகிறது. பாகு சட்டென்று வெளுக்கும். சில வாரங்கள் வைத்திருந்தால் மறுபடியும் கறுக்கத் தொடங்கும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. செயற்கை நிறமி சேர்க்க அனுமதியே இல்லை. விலை குறைந்த வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி எடையைக் கூட்டுவதும் நடக்கிறது; சேலம் பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்தி பண்டிகை நெருங்கும்போதெல்லாம் வருகிறது.

இதில் ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மண்டியில் பழுப்பு வெல்லத்தைக் கொண்டுபோய் வைத்து நஷ்டப்பட்டவர், அடுத்த கொப்பரையில் பவுடரைப் போடத்தான் செய்வார். கொட்டகையில் நின்று, தன் கண்ணெதிரே காய்ச்சிய பழுப்பு வெல்லத்தைச் சூடாகத் தின்று பார்த்தவரோ கடையில் போய் மஞ்சள் வெல்லம் கேட்க மாட்டார். அந்த வெல்லத்தையே இரண்டு கிலோ கட்டித் தரச் சொல்வார். ஆலைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் மண்டியைத் தாண்டிய ஒரு வாடிக்கையாளர். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் விற்கும் நாட்டுச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. நிறத்தைவிடச் சுவையைப் பெரிதாக நினைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் நிலையாகக் கிடைத்துவிட்டால், ஒரு வட்டாரத் தொழிலே அவரை நம்பி நிற்க முடியும்.

அடுத்த சிக்கல் தண்ணீர். கரும்பு ஆண்டுப் பயிர். வளர்ந்து முடிய 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை நீர் கேட்கும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் கரும்பும் உப்பு ஏறி வளரும், அதில் காய்ச்சும் வெல்லம் கரித்து, ஈரம் இழுத்து இளகும். தோல் தொழில் தந்த வேலைவாய்ப்பு பெரியது, ஆயிரக்கணக்கான குடும்பங்களை அது காப்பாற்றுகிறது. ஆனால் அதன் கழிவுநீர் பாலாற்றுப் படுகைக்குச் செய்ததும் சிறியதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வை மேற்கோள் காட்டியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காக ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவும் ஆறு மீட்கப்படவும் உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆலைப் புகை இன்று ஆற்றங்கரையைவிட மலையடிவாரங்களில் அதிகம் தெரிவதில் இந்த வரலாற்றுக்கும் பங்கு உண்டு.

கரும்பு போடுவதே குறைந்துவருகிறது. இந்த வட்டாரத்தில் மூன்று கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கட்டப்பட்டன: அம்முண்டியில் வேலூர் ஆலை, கேத்தாண்டப்பட்டியில் திருப்பத்தூர் ஆலை, வடபுதுப்பட்டில் ஆம்பூர் ஆலை. இவற்றில் ஆம்பூர் ஆலையில் அரவை நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டுக்கூலிக்கு ஆள் கிடைப்பதும் பெரிய பிரச்சினை. அரசும் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது. 2022 பொங்கலுக்கு அது கொடுத்த 21 பொருள்கள் கொண்ட பரிசுத் தொகுப்பில் வெல்லம் இருந்தது. பல ஊர்களில் அது இளகி ஒழுகியதாகப் புகார் கிளம்பியது. அடுத்த ஆண்டு வெல்லம் போய், அந்த இடத்துக்குச் சர்க்கரை வந்தது. பொங்கல் பானைக்கு வெல்லத்தை விட்டுவிட்டுச் சர்க்கரை கொடுப்பதைவிட, நல்ல வெல்லம் காய்ச்சுகிற சிறு ஆலைகளைத் தேடி நேரடியாக வாங்குவது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

கரும்புக்கும் இந்த மலைத்தொடருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கரும்பைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே, திருப்பத்தூரைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம்.

ஆலை பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போவது நல்லது. முதல் கொப்பரை இறங்கும் நேரம் குளிராக இருக்கும், அடுப்பு அனல் இதமாக இருக்கும். குழந்தைகளைக் கொப்பரைப் பக்கம் விடக் கூடாது. பாகுச் சூடு வெந்நீர்ச் சூட்டைவிடக் கொடியது, தோலில் ஒட்டிக்கொண்டால் பிரியாது. வேலை நடக்கும் இடம் என்பதால் உள்ளே நுழையும் முன் ஆலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. ‘வாங்க, கரும்புப்பால் குடிச்சிட்டுப் போங்க’ என்று அவரே அழைத்துவிடுவார்.

காலைச் சாப்பாட்டுக்கு இந்த மண்ணின் உணவு கேழ்வரகுக் களி. ஆலையில் வேலை செய்கிறவர்கள் கட்டிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அதுதான்: சூடான களி உருண்டை, வேர்க்கடலைத் துவையல் அல்லது கீரைக் கடைசல், அதிர்ஷ்டம் இருந்தால் கருவாட்டுக் குழம்பு. தித்திப்பாகத் தின்றுகொண்டே இருந்த வாய்க்குக் காரமும் உப்பும் கேட்கும் என்பதைச் சிர்சிக்காரர்கள் மிளகாய் பஜ்ஜியால் புரிந்துகொண்டார்கள். களியும் கருவாட்டுக் குழம்பும் அதைவிடச் சிறந்த பதில். இதையே ஓர் ஆலைக்காரர் வருகிறவர்களுக்கு இலை போட்டு, தலைக்கு ஒரு விலை வைத்துப் பரிமாறினால், பின்னால் கேழ்வரகுப் புட்டில் புது வெல்லத்தைத் தூவிக் கொடுத்தால், கியூபெக்கின் நீள மேசைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததாக இருக்காது.

மதியத்துக்கு ஆம்பூர் பிரியாணி இருக்கிறது. அங்கேயும் விறகடுப்புதான், சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். குடியாத்தத்திலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ கிளம்பினால் பந்தி தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அரவை பொங்கலோடு முடிவதில்லை. கரும்பு இருக்கும்வரை மாசி, பங்குனி மாதங்களிலும் ஓடும். பண்டிகை நெருக்கடி தீர்ந்த அந்த வாரங்களில்தான் ஆலைக்காரருக்கு வந்தவரிடம் நின்று பேச நேரம் கிடைக்கும். பவுடர் போடாமல் ஒரு கொப்பரை காய்ச்சித் தர முடியுமா என்று அப்போது கேட்கலாம். நாலைந்து குடும்பம் சேர்ந்து கேட்டால் தயங்காமல் காய்ச்சுவார். வெல்லத்தை வாங்கிவர ஓலைப்பெட்டியோ துணிப்பையோ எடுத்துப் போவது நல்லது. சூடு ஆறாத உருண்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்து இளகிவிடும்.